லண்டன் ஹார்ட் வாட்டர்ல எலக்ட்ரிக் ஷவர்: தண்ணி குறைஞ்சா எங்க இருந்து பார்க்கணும்

நாங்க இருக்கிறது ஹாரோ பக்கம். இங்க வர்ற தண்ணி சுண்ணாம்புப் பாறை வழியா வர்றதால செம ஹார்டு, கெட்டிலைத் திறந்து பார்த்தாலே வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கும். அதே தண்ணிதான் சுவத்துல மாட்டியிருக்கிற எலக்ட்ரிக் ஷவர் பெட்டிக்குள்ளயும் சூடாகுது, அப்ப அங்க மட்டும் படியாம இருக்குமா.

எங்க வீட்ல ரொம்ப வருஷமா ஓடுறது 8.5 கிலோவாட் ஷவர். தண்ணி குறைஞ்சா உடனே புதுசு வாங்காதீங்க, வெளியில இருந்து உள்ள போற மாதிரி ஒவ்வொண்ணா பாருங்க. முதல்ல ஷவர் ஹெட்டைக் கழட்டிட்டு வெறும் ஹோஸ்ல தண்ணி விடுங்க. நல்லா வந்துச்சுன்னா அடைப்பு ஹெட்லதான். ஒரு பிளாஸ்டிக் கவர்ல வெள்ளை வினிகர் ஊத்தி ஹெட்டை ஒரு மணி நேரம் முக்கி வைங்க (ராத்திரி முழுக்க விட்டா குரோம் பூச்சு கெட்டுப் போகலாம்), அப்புறம் அந்த ரப்பர் முனைகளைக் கட்டை விரலால தேய்ச்சா குருணை குருணையா வெள்ளைத் துகள் கொட்டும். எங்க வீட்ல முக்காவாசி நேரம் இதுலயே சரியாயிடும்.

ஹெட் இல்லாமலும் மெதுவாதான் வருதுன்னா ஹோஸைக் கழட்டிப் பாருங்க, வெளிய பளபளன்னு இருக்கும் ஆனா உள்ள இருக்கிற குழாய் முறுக்கிக்கிட்டு ஒட்டிப் போயிருக்கும். அதுவும் இல்லன்னா தண்ணி உள்ள நுழையற இடத்துல இருக்கிற சின்ன வலை ஃபில்டர். அதைத் தொடறதுக்கு முன்னாடி சீலிங்ல தொங்குற கயிறு ஸ்விட்ச், ஃபியூஸ் பாக்ஸ் ரெண்டையும் கண்டிப்பா ஆஃப் பண்ணி தண்ணியையும் மூடிடணும். தண்ணியைச் சூடாக்குற எலிமென்ட் பக்கம் நாமளா கை வைக்கவே கூடாது, அது எலக்ட்ரீஷியன் வேலை.

குளிர்காலத்துல தண்ணி குறையறது பாதிக்கு மேல அடைப்பே கிடையாதுங்க. இந்த ஷவர் ஓடுற தண்ணியை அப்பப்பவே சூடாக்குது, பவர் எப்பவும் அதே 8.5தான். ஜனவரில 5 டிகிரில வர்ற தண்ணியை 40க்கு கொண்டு போகணும்னா நிமிஷத்துக்கு மூணரை லிட்டர்தான் தர முடியும், கோடைல 18 டிகிரில வந்தா அஞ்சரை லிட்டர். எத்தனை வினிகர் ஊத்தினாலும் இது மாறாது. பத்தலன்னா 10.5 கிலோவாட் போடலாம், ஜனவரிலயும் நாலு லிட்டருக்கு மேல வரும், ஆனா அது கிட்டத்தட்ட 44 ஆம்ப் இழுக்கும், பழைய வயர் தாங்குமான்னு பார்க்காம ஷவரை மட்டும் மாத்துறது ஆபத்து. ஒரு கடைல இந்த வயர் பேச்சையே எடுக்காம பெரிய ஷவரா தள்ளிவிடப் பார்த்தாங்க, எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு.

குளிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் கோல்டுல ஓட விட்டு நிறுத்துங்க, உள்ள சூடா தண்ணி நின்னாதான் சுண்ணாம்பு அதிகமா படியும். புது மாடல் சிலது தானாவே அப்படித்தான் நிக்குது.

பெட்டிக்கு அடியில தண்ணி சொட்டுச்சுன்னா ஷவரை ஆன் பண்ணாதீங்க. பெரும்பாலும் ஹெட் அடைச்சு பிரஷர் ஏறி, உள்ள இருக்கிற சேஃப்டி பார்ட் திறந்திருக்கும். அந்த பார்ட் தனியா கிடைக்கும், மாத்தினா போதும், ஆனா ஹெட்டையும் சேர்த்து க்ளீன் பண்ணலன்னா திரும்பவும் போயிடும்.