இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் பாருங்கள்: ஊரில் கண்ட மருத்துவச் சேவை

இம்முறை கனடாவிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தபோது, விடுமுறையின் பெரும்பகுதி அக்கா மகளின் சிகிச்சையிலேயே கழிந்தது. 24 வயதான அவளுக்குப் பல மாதங்களாக விட்டுவிட்டுக் காய்ச்சலும் களைப்பும் இருந்தன. கொடியில் துணி காயப்போட்டால் இடது கை கடுத்துப்போகும். உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் முழு உடல் பரிசோதனை செய்து, இரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தச் சோதனையான இ.எஸ்.ஆர். மிக அதிகம் என்று அந்த அறிக்கையிலேயே அச்சாகியிருந்தும் எவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலூர் சி.எம்.சி.யில் பதிவு வரிசையில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் வாதநோய்ப் பிரிவில் மருத்துவர் செய்த முதல் காரியமே வேறாக இருந்தது. அவளுடைய இரு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தவர், இடது கையில் நாடி சரியாகத் தட்டுப்படவில்லை என்றார். இரத்த அழுத்தம் இடது கையில் 96, வலது கையில் 168. "இதற்கு முன் வலது கையில் யாராவது பார்த்தார்களா, அம்மா?" என்று கேட்டார். யாரும் பார்த்ததில்லை. பிறகு காரையெலும்பின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, குறுகிய குழாயில் இரத்தம் பாயும் இரைச்சலைக் கேட்டார். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் தடித்திருப்பதையும், இடது கைக்கும் ஒரு சிறுநீரகத்துக்கும் செல்லும் கிளைகள் சுருங்கியிருப்பதையும் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேன் காட்டியது. சிறுநீரகத் தமனி சுருங்கியதால்தான் அழுத்தம் ஏறியிருக்கிறது. இதுவரை அளவிட்ட இடது கையின் தமனியும் சுருங்கியிருந்ததால் அது வெளியே தெரியவில்லை.

டகயாசு நோய் என்றார்கள். 1908இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் கண்ட விசித்திரமான இரத்தநாள மாற்றங்களை அறிவித்த ஜப்பானியக் கண் மருத்துவரின் பெயர் இது. நம் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே தமனிச் சுவரைத் தாக்குவதால் வரும் இந்த அழற்சி, பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களைப் பாதிக்கிறது. ஜப்பானிலும் இந்தியாவிலும் மேற்கு நாடுகளைவிட அதிகம். எச்.எல்.ஏ.-பி52 என்னும் மரபணு வகைக்கு இதனுடன் தொடர்பு உண்டு என்றாலும், தாக்குதலைத் தொடங்கி வைப்பது எதுவென்று இன்னும் உறுதியாகவில்லை. 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெருந்தமனி அழற்சி வந்தால், தலைவலியும் பார்வையிழப்பும் தரக்கூடிய ராட்சத அணுத் தமனி அழற்சியை முதலில் நினைக்க வேண்டுமாம். சிபிலிஸ், காசநோய், சால்மோனெல்லா போன்ற தொற்றுகளாலும் பெருந்தமனியில் அழற்சி வரும். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அது பரவிவிடும் என்பதால், காசநோய்க்கும் சிபிலிஸுக்கும் சோதனை முடித்த பிறகே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் தொடங்கினார்கள். ஒவ்வொரு சோதனையும் எதற்கு என்பதை அக்காவுக்குப் புரியும்படி அமர்ந்து விளக்கியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டும், பிரெட்னிசோலோனைத் தாமாக நிறுத்தவே கூடாது என்று எழுதியும் கொடுத்தார்கள். இரத்தச் சோதனை சீராக வந்தாலும் சுவருக்குள் அழற்சி நீடிக்கக்கூடும் என்பதால் ஸ்கேனை மீண்டும் எடுக்க வேண்டும். அதற்கான தேதியை வாங்கிக்கொண்டோம்; அழுத்தத்தை இனி வலது கையில்தான் பார்க்க வேண்டும் என்று அவளுடைய மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.