வீட்டுப் பட்டறையில் செய்த கேம்ஷாஃப்ட்: சென்னை ரோட்டில் சில வருட அனுபவம்

பழைய 100 சிசி ஸ்ப்ளெண்டர் எஞ்சினுக்கு நானே கணக்குப் போட்டு, வீட்டு ஷெட்டில் வெட்டிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) சில வருடங்களாகத் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது லிஃப்ட் (வால்வு எழும் உயரம்) எவ்வளவு, டியூரேஷன் (அது திறந்திருக்கும் கோண அளவு) எவ்வளவு என்றுதான். இத்தனை நாள் ஓட்டியதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: சென்னை ரோட்டுக்குக் கேம் செய்பவர் அதிக நேரம் செலவிட வேண்டியது ரேம்பில். டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடுவது) மெதுவாக எடுத்து வால்வைக் கிளப்பி, கடைசியில் அதே மெதுவோடு சீட்டில் உட்காரவைக்கும் சின்னப் பகுதி அது.

எஞ்சின் 8000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது கேம் அதில் பாதி வேகத்தில் சுற்றும். அப்படியும் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 66 தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வால்வையும் ராக்கரையும் அசைக்கத் தேவையான விசை நான்கு மடங்காகும். ஆகவே லிஃப்ட் வளைவு பார்க்க வழுவழுப்பாக இருந்தால் போதாது. அதன் ஆக்சிலரேஷன் வளைவிலும் திடீர்ப் படிக்கட்டு இருக்கக்கூடாது. நான் எக்செல்லில் டிகிரி டிகிரியாக லிஃப்டை எழுதி, அடுத்தடுத்த வித்தியாசங்களை எடுத்து கிராஃப் போட்டுப் பார்த்தேன். என் ரேம்ப் டிகிரிக்கு சுமார் 0.01 மி.மீ. வீதம் ஏறுகிறது. கம்பெனிக் கேமையும் முதலில் டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் முள் கருவி) வைத்து அதே மாதிரி அளந்துகொண்டேன். அதை அளக்காமல் புதிதாக வரையத் தொடங்குவதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து.

இந்த எஞ்சினில் கேம் மேல் உரசுவது ராக்கரின் வளைந்த பாதம். பாதத்தின் ஆரம், ராக்கர் பின் இருக்கும் இடம் இரண்டையும் சேர்த்தால்தான் வால்வு லிஃப்டிலிருந்து கேம் வடிவத்துக்கு வர முடியும். அப்புறம் வெட்டுவது எளிது. டிவைடிங் ஹெட்டில் (டிகிரி டிகிரியாகத் திருப்பும் பிடிப்பான்) ஷாஃப்டை மாட்டி, மில்லிங் மெஷின் கட்டரான எண்ட் மில்லின் தட்டை முகத்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு வெட்டு. எந்தக் கோணத்தில் கட்டர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கு சொல்லிவிடும். 12 மி.மீ. ஆரமுள்ள இடத்தில் ஒரு டிகிரி வெட்டு விட்டுப்போகும் பட்டை 0.2 மி.மீ. அகலம்தான். இரண்டு பட்டைகள் சேரும் முகடு அரை மைக்ரான்கூட வராது. ஆயில் ஸ்டோனும் எமரி ஷீட்டும் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கேமின் பக்கவாட்டில் எங்காவது குழிவு இருந்தால் தட்டைக் கட்டர் அங்கே போகாது. வெட்டத் தொடங்குமுன் வளைவு ஆரத்தையும் டிகிரி டிகிரியாகச் சரிபார்க்க வேண்டும்.

மில்லில் வெட்டிய இந்த முதல் துண்டு வண்டிக்குப் போகாது. அதுதான் மாஸ்டர், பின்னால் கிரைண்டிங்கில் வடிவத்தை நகலெடுக்க உதவும் மாதிரி. உண்மையான ஷாஃப்ட் ஈ.என். 353 ஸ்டீல். உரசும் முகத்தில் 0.3 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, அம்பத்தூர் எஸ்டேட்டில் கேஸ் ஹார்டனிங்குக்குக் கொடுத்தேன். ஒரு மி.மீ. ஆழத்துக்குக் கெட்டிப் படலம், 58 முதல் 62 ஹெச்ஆர்சி (ராக்வெல் அளவு) கெட்டி என்று கேட்க வேண்டும். 900 டிகிரிக்கு மேல் சூடேறி எண்ணெயில் இறங்கும் ஷாஃப்ட் கொஞ்சமாவது வளையாமல் வராது. கூடுதலாக விட்ட 0.3 மி.மீ. அதற்காகத்தான். சிறிய வேலை என்று தயங்க வேண்டாம், பெரிய லாட்டோடு சேர்த்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் ஆடும் மேசையில் கிரைண்டிங். மாஸ்டரும் ஷாஃப்டும் ஒரே அச்சில் சுற்றும். மாஸ்டர் ஒரு நிலையான வட்டின் மேல் உரசி மேசையை ஆட்டும், எதிரே கிரைண்டிங் வீல். வட்டும் வீலும் ஒரே விட்டம் இருந்தால்தான் வடிவம் அப்படியே வரும். வீலை டிரெஸ் செய்து (முகத்தைச் சீவி) விட்டம் குறையும்போதெல்லாம் வட்டையும் அதே அளவு லேத்தில் பிடித்துக் குறைத்தாக வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் மொத்தத் துல்லியமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பாஸுக்கு 0.01 மி.மீ.க்கு மேல் இறங்காதீர்கள். நீலம் பாய்ந்தால் கெட்டித்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். வேலை முடிந்த இரவே எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள், நம் கடற்காற்றில் கிரைண்ட் செய்த முகம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மாட்டும்போது டிகிரி வட்டும் டயல் கேஜும் கட்டாயம். செயின் ஒரு பல் தள்ளினாலே கிராங்க் கணக்கில் 20 டிகிரிக்கு மேல் மாறிவிடும். அதனால் ஸ்ப்ராக்கெட் ஓட்டையை நீள்வாக்கில் ராவி, நுணுக்கமாகத் திருப்பிக்கொள்ளும்படி செய்தேன். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இருக்கும் இடைவெளியையும் பார்த்துக்கொண்டேன்.

சரி, ஓட்டம் எப்படி? டியூரேஷனைக் கொஞ்சமாகத்தான் கூட்டினேன், ஓவர்லாப்பை (இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) ஏறக்குறைய பழையபடி விட்டேன். ஐடில் நிலையாக நிற்கிறது. வேளச்சேரியிலிருந்து வடபழனி வரை நகர்ந்து நகர்ந்து போகும் நெரிசலில் மூன்றாவது கியரிலேயே இழுக்கிறது, நாலாவதில் முன்பைவிடச் சுறுசுறுப்பு தெரிகிறது. நண்பர் ஒருவர் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்காக நீண்ட டியூரேஷன் கேம் செய்துகொண்டார். அங்கே எஞ்சின் எப்போதும் உச்சத்தில் சுற்றுவதால் அருமையாக ஓடுகிறது. அதே வண்டியை அண்ணா சாலையில் ஓட்டிப் பார்த்தேன். சிக்னலுக்குச் சிக்னல் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. ஓவர்லாப் கூடினால் எரியாத பெட்ரோல் ஆவியும் வெளியே போகும். என் வண்டி மாதிரியான பழைய நாலு ஸ்ட்ரோக் பைக்குக்குப் பியூசி புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் வரம்பு 4500 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம். இரண்டிலும் தாண்டாமல் வருவதற்கு அடக்கமான ஓவர்லாப்தான் காரணம். ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. நான் ஆர்சியில் இருக்கும் எஞ்சின் கொள்ளளவைத் தொடவே இல்லை.

சத்தம்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது. புதுப்பேட்டையில் ராக்கர் வாங்கப் போனபோது கடை மெக்கானிக் அண்ணன் குனிந்து கேட்டுவிட்டு, "டாப்பெட் சத்தமே இல்லையே தம்பி, கம்பெனி கேமா?" என்றார். ரேம்புக்குச் செலவிட்ட நேரத்துக்கான பலன் அது.

தேய்மானம் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அதிவேகத்தில்தான் கேம் தேயும் என்பார்கள். ஆனால் கேமின் மூக்கின் (அதன் உயர்ந்த முனை) மேல் அழுத்தம் உச்சத்தில் இருப்பது குறைந்த வேகத்தில்தான். வேகம் கூடும்போது வால்வின் நிலைமம் ஸ்ப்ரிங் விசையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஐடிலிலோ ஸ்ப்ரிங் முழு அழுத்தமும் மூக்கில்தான், போதாக்குறைக்கு ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றும். ஆகவே சிக்னலில் நிற்கும் வண்டியின் கேமுக்குத்தான் கடும் சோதனை. புது கேமை முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிடம் ஓடவிடச் சொல்வதும் இதற்காகத்தான்.

சமீபத்தில் ஹெட் கவரைத் திறந்து பார்த்தேன். இன்லெட் மூக்கில் லேசான பளபளப்புப் பட்டை, அவ்வளவுதான். குழியோ கீறலோ இல்லை. எக்ஸாஸ்ட் ராக்கர் பாதத்தில் கொஞ்சம் தேய்மானம் தெரிந்தது, அதை மாற்றிவிட்டேன். ஆயிலைப் புத்தகம் சொல்வதைவிடச் சீக்கிரம் மாற்றுகிறேன், அதுவும் வெயில் காலத்தில் தவறவிடுவதில்லை.

இதில் இறங்க நினைப்பவர்கள் மெஷின் வாங்கப் பாரிமுனைக்கு ஓட வேண்டாம். முதலில் நல்ல டயல் கேஜ் ஒன்று, அசையாத ஸ்டாண்ட் ஒன்று, ஜி.பி. ரோட்டில் ஒரு பழைய கேம். அந்தக் கேமை டிகிரி டிகிரியாக அளந்து, இரண்டாம் முறை அளக்கும்போதும் அதே எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் லேத்தைப் பற்றி யோசிக்கலாம்.