ஜீரோ டெப்: இரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்தவன் சொல்கிறேன்

கார் இன்சூரன்ஸில் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் கூடுதல் சேர்க்கைதான் ஜீரோ டெப். திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். தேய்மானம், அதாவது பொருள் பழசாகப் பழசாக மதிப்பு குறைவது, எனக்குப் புது வார்த்தை இல்லை. 2021 ஜூனில் கடைப் பேரில் ஆறு லட்சத்துக்கு வாங்கிய காருக்கு ஆடிட்டர் வருடா வருடம் 15 சதவீதம் எழுதுவார். முதல் வருடம் 90,000 போக 5,10,000. அடுத்த வருடம் அந்த மிச்சத்தில் 15 சதவீதம் போக 4,33,500. வரி குறைகிறதே, நமக்கு லாபம்தான்.

அதே தேய்மானம் 2023 ஆகஸ்டில் கையைக் கடித்தது. பழனி சாலையில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, நான் போய் முட்டினேன். ஒர்க்‌ஷாப் பில் 28,000. முழுசும் இன்சூரன்ஸில் வந்துவிடும் என்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயரின் கணக்கு வேறு. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாவற்றுக்கும் வண்டி புதுசோ பழசோ 50 சதவீதம் கழிவு. பம்பர் 6,000-இல் 3,000 போச்சு, ஹெட்லைட் 7,000-இல் 3,500 போச்சு. தகரத்துக்குத்தான் வயது பார்ப்பார்கள். இரண்டு வயது தாண்டிய வண்டிக்கு 15 சதவீதம். ஃபெண்டர் 4,000-இல் 600. பெயின்டிங் 8,000-இல் கால்வாசியைப் பெயின்ட் விலை என்று வைத்து, அதில் பாதி, 1,000. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. ஆக என் பையிலிருந்து 9,100. கண்ணாடி உடைந்திருந்தால் அதற்குத் தேய்மானமே கிடையாதாம். நம் நேரம், கண்ணாடி மட்டும் உடையவில்லை.

பாலிசி போட்ட ஏஜென்ட் ஜீரோ டெப் பற்றி மூச்சே விடவில்லை. நானும் பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டேன். பாதித் தப்பு என்னுடையது.

2024-இல் 2,100 ரூபாய் கூடக் கட்டி ஜீரோ டெப் சேர்த்தேன். பம்பர் டு பம்பர் என்பார்களே, அதுதான். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தரலாம். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், பெயரில்தான் ஜீரோ. கட்டாயக் கழிவு இதிலும் உண்டு. கிளிப், நட்டு, ஆயிலுக்குத் தனியாகச் சேர்க்கை வாங்க வேண்டும். கிளெய்ம் செய்தால், கிளெய்ம் இல்லாத வருடத்துக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். அப்புறம், பல கம்பெனிகள் வண்டிக்கு ஐந்து வயது வரைதான் தருகின்றன. வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரியில் ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் வீட்டு கேட் தூணிலேயே இடித்தேன். பில் 14,350. கட்டாயக் கழிவும் கிளிப், நட்டு வகையும் சேர்த்து நான் கட்டியது 1,350. தூணுக்குப் பூச்சு வேலை தனி.