வேகம் ஏறி இறங்கி ஓடும் ரைடிங் மோவர்: கார்புரேட்டரைக் கழுவுவதா, மாற்றுவதா?

அமெரிக்காவில் ஒரு ஏக்கர் புல்வெளியோடு வீடு வாங்கியவர்களுக்கு ஏப்ரல் மாதத்தில் வருகிற வழக்கமான தலைவலி இது. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி, ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் எஞ்சின் ஒரே சீராக ஓடாது. வேகம் ஏறும், இறங்கும், உடனே திரும்ப ஏறும். பிளேடைப் போட்டால் கொஞ்சம் அடங்கும். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். டேங்கில் கிளீனர் ஊற்று, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழுவு, புதுசு வாங்கி மாட்டு, எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்துவிடு. காசு செலவழிக்கும் முன் எஞ்சின் ஓடும்போதே, உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சட்டென்று சீரானால், அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் குறைந்து வேகம் விழும்போது கவர்னர் த்ராட்டிலைத் திறக்கிறது, வேகம் கூடியதும் மூடுகிறது. நமக்குக் கேட்பது அந்த இழுபறிதான்.

அதனால் கவர்னர் ஸ்பிரிங்கில் கை வைக்கவே வேண்டாம். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதை வளைத்து எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டி ஓடினால் கனெக்டிங் ராடு உடையலாம். பிளேடின் முனை வேகமும் ஆபத்தான அளவுக்குப் போகும்.

டேங்கில் ஊற்றும் கிளீனர், பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் விட்டுவைத்த லேசான படிவுக்குச் சரி. முழுக்க அடைத்த ஓட்டைக்குள் பெட்ரோலே போகாதபோது, அதில் கலந்த மருந்து மட்டும் எப்படிப் போகும்? நாள்பட்ட அடைப்புக்கு அதை நம்பிக் காத்திருப்பது வீண்.

மிச்சம் இருப்பது கழுவுவதும் மாற்றுவதும். என் ஓட்டு கழுவுவதற்கே. கழற்றும் முன் ஸ்பிரிங்கும் கம்பிகளும் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினால் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசத்தோடு பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். கிண்ணத்தை மட்டும் துடைத்து மூடிவிடுவதுதான் பலர் செய்வது, அதனால்தான் கோளாறு திரும்பி வருகிறது. பார்க்க வேண்டியது, பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பாகமான பைலட் ஜெட்டை. முடி நுழையும் அளவுதான் அதன் ஓட்டை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்ப் கிளீனர் அடித்து, மெல்லிய செப்பு ஒயரின் ஒரே ஒரு இழையை விட்டு எடுங்கள். இரும்புக் கம்பி கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். செலவு ஒரு டப்பா கிளீனரும், இணைப்பில் கசியாமல் வைக்கும் புது காஸ்கெட்டும்தான். காஸ்கெட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். அதன் வழியே காற்று கசிந்தாலும் எஞ்சின் இதே மாதிரிதான் ஓடும்.

ஆன்லைனில் 20, 30 டாலருக்குக் கிடைக்கும் மாற்று கார்புரேட்டர் ஆசை காட்டும். சிலது நன்றாகவே ஓடும். ஆனால் ஜெட் அளவு கொஞ்சம் மாறியிருந்தாலும் புதுக் கார்புரேட்டரிலேயே பழைய ஏற்ற இறக்கம் கேட்கும். கம்பெனி ஒரிஜினல் பல எஞ்சின்களுக்கு 100 டாலரைத் தாண்டும். உங்கள் பழைய கார்புரேட்டருக்குள் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அரித்திருந்தால் கழுவிப் பயனில்லை. அப்போது அந்த விலை நியாயம்தான். வாங்கும்போது மோவர் மாடலைப் பார்க்காமல், எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

சோக் இழுத்தும் மாறவில்லை, வண்டி குலுங்குகிறது, எஞ்சினும் இரண்டு சிலிண்டர் என்றால் கதை வேறு. ஒரு சிலிண்டர் அடிக்காமல் இருக்கலாம். முதலில் இரண்டு பிளக்கிலும் ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திணறினால் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உடனே சரியானால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது.

கழுவியபின் பழைய பெட்ரோலையே திரும்ப ஊற்றாதீர்கள். அங்கே பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும். எத்தனால் இல்லாதது கிடைத்தால் அதையே போடலாம். விலை குறைவாக இருக்கிறதே என்று 'அன்லெடட் 88' பக்கம் போக வேண்டாம். அது 15 சதவீத எத்தனால். மோவரில் ஊற்ற அமெரிக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை.