ரிசப்ஷன் பேக்கேஜ்: 25 அயிட்டம் வேண்டாம், 12 போதும்

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை ரிசப்ஷனுக்கென்று கேட்டரிங்காரர்கள் தரும் பட்டியல், எந்த ஊர் மண்டபமானாலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. வெல்கம் ட்ரிங்க், இரண்டு ஸ்வீட், கோபி மஞ்சூரியன், நான், பனீர் பட்டர் மசாலா, வெஜ் பிரியாணி, மினி மசால் தோசை, இடியாப்பம், சாம்பார் சாதம், தயிர் சாதம், ஐஸ்கிரீம், பீடா என்று நீண்டு 25-ஐத் தொடும். விலை இலைக்கு இவ்வளவு என்று. இந்தப் பேக்கேஜை அப்படியே எடுப்பதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். மணமக்கள் யார், எந்த ஊர், என்ன விரும்பிச் சாப்பிடுவார்கள் என்பது இதில் எங்குமே தெரிவதில்லை. அதைவிடப் பெரிய குறை, பாதி அயிட்டம் பந்தியில் பரிமாறவே ஏற்றதில்லை.

நானை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் ஆனால் தோல்போல இழுக்கும். 200 பேர் உட்காரும் பந்தியில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவே அந்த நேரம் ஆகிவிடும். கோபி மஞ்சூரியனை மாலை ஐந்து மணிக்கே பொரித்து வைத்துவிடுகிறார்கள். ஏழரைக்குள் சாஸின் ஈரம் மேல்மாவில் இறங்கி நமுத்துப்போகும். மாஸ்டரின் கைப்பக்குவத்தில் குறையில்லை, தேர்வுதான் தவறு.

மணமக்களுக்கென்று தனி அடையாளம் வேண்டுமானால் இரண்டு அல்லது மூன்று அயிட்டத்தில் காட்டினால் போதும். நெல்லைக் குடும்பம் என்றால் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு. அங்கே மறுவீட்டு விருந்தில் போடுவதை ரிசப்ஷனுக்குக் கொண்டுவரலாம். சோற்றுக்கும் இடியாப்பத்துக்கும் பொருந்தும், கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வைத்தால் இலை நிறைந்துவிடும். ஆனால் மாஸ்டரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: முதலில் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பாலான தலைப்பாலை மொத்தமாக ஊற்றக் கூடாது. காய், பாசிப்பருப்பு, இரண்டாம் மூன்றாம் பால் வரை சேர்த்துத் தயாராக வைத்துக்கொண்டு, பந்திக்குப் பந்தி தேவையான அளவு பிரித்து, தலைப்பால் ஊற்றிச் சூடேறியதும் இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். முழுவதையும் முதலிலேயே முடித்துவிட்டு மூன்றாம் பந்திக்குத் திரும்பக் கொதிக்கவைத்தால் திரிந்துபோகும்.

பெண் வீடு கொங்கு, மாப்பிள்ளை வீடு நாஞ்சில் நாடு என்றால் ஒப்புட்டும் (போளி) அடைப்பிரதமனும் (அரிசி அடைப் பாயசம்) ஒரே இலையில் வரட்டும். ஒப்புட்டை மதியமே தட்டி வைக்கலாம், பரிமாறும்போது நெய் விட்டால் போதும். பிரதமன் ஆளுக்கு 75 மில்லி கணக்கு. இவை இரண்டும் இருக்கும்போது ரசமலாய், குலாப்ஜாமூன் எதற்கு? மதுரைக்காரர்கள் ஐஸ்கிரீமுக்குப் பதில் ஜிகர்தண்டா வைக்கலாம். பாதாம் பிசினை முந்தின இரவே ஊறப்போட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஊறப்போட்டால் நடுவில் கட்டி நிற்கலாம்.

அசைவ ரிசப்ஷன் என்றால் பிரியாணியே விருந்து. சுற்றி எட்டு சைடு டிஷ் தேவையில்லை. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்ற கணக்கில் எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம். சீரகச் சம்பா என்றால் ஒரே பெரிய அண்டாவில் போட விடாதீர்கள். தம்மைத் திறந்து திறந்து கரண்டி போட்டால் அரிசி உடைந்து குழையும், ஆறினால் விறைக்கும். அரை மணி இடைவெளியில் மூன்று அண்டா இறக்கச் சொன்னால் ஒவ்வொரு பந்திக்கும் புதுத் தம் கிடைக்கும்.

லைவ் கவுண்டர் இளைஞர்களுக்குப் பிடிக்கும், எங்களுக்கும் பிடிக்கும். கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும். நான்கு தோசை விழும் கல்லில், ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 80 தோசை. விருந்தாளிகளில் பெரும்பகுதி எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வந்து இறங்குவார்கள். 400 பேருக்கு ஒரே கல் வைத்தால் வரிசை ஹால் வாசல் வரை நிற்கும். இரண்டு கல்லாவது கேளுங்கள், அல்லது தோசையை விட்டுவிட்டு குழிப்பணியாரம் வையுங்கள்; ஒரு சட்டியில் நிறைய விழும், சிறிது நேரம் சூடும் தாங்கும். ஏசி ஹாலுக்குள் தோசைக்கல் வேண்டாம், எண்ணெய்ப் புகை பட்டுப்புடவையில் ஏறும். தாழ்வாரமே சரியான இடம்.

முழு பஃபே என்று முடிவெடுத்தாலும் ஓரத்தில் 40 பேருக்கு இலை போட்டு வையுங்கள். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்று சாப்பிட முதியவர்களால் முடியாது. பசியோடு திரும்பிப் போனாலும் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ருசி பார்க்க அழைக்கும்போது அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் சாப்பிட்டுத் தலையாட்டி வராதீர்கள். மூடிய பாத்திரத்தில் 45 நிமிடம் வைத்துவிட்டு அதையே திரும்பச் சாப்பிடுங்கள். விருந்தாளி இலையில் விழப்போவது அந்த ருசிதான்.

பணத் தகராறு பெரும்பாலும் இலைக் கணக்கில்தான் வரும். குறைந்தபட்ச எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்து எழுதி, கூடுதல் இலைக்கு என்ன விலை, எத்தனை வரை சமாளிப்பார்கள் என்பதையும் அதே தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோகிராபர், டிரைவர், மேளக்காரர்கள் கணக்கில் உண்டா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பந்திக்கு இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் நின்று, இலை எடுப்பதற்கு முன் எண்ணிக் குறித்துக் கேட்டரிங் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மணமக்கள் மேடையை விட்டு இறங்கப் பத்தரை ஆகலாம். அவர்களுக்கான இரண்டு இலையும் சூடான சாப்பாடும் தனியே நிறுத்திவைப்பதற்குச் சமையற்கட்டில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கிவிடுங்கள்.