வெள்ளைக் கடலையா, கறுப்புக் கடலையா? குழம்புக்கு எது?

வீட்டில் கொண்டைக்கடலைக் குழம்பு வைக்க இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று, வெள்ளைக் கடலையில் வெங்காயமும் தக்காளியும் வதக்கிச் செய்யும் வடநாட்டுச் சன்னா மசாலா. மற்றொன்று, கறுப்புக் கடலையில் தேங்காயை வறுத்து அரைத்து ஊற்றும் கேரளத்துக் கடலைக்கறி. என் நாக்கு எப்போதும் கறுப்பின் பக்கம்தான். ஆனால் மறுநாளைக்கும் சேர்த்துச் சமைப்பதென்றால் வெள்ளையைக் குறை சொல்ல முடியாது.

இரண்டையும் முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். வெள்ளைக்கு 8 மணி நேரம் போதும். தோல் தடித்த கறுப்புக்கு 10 முதல் 12 மணி நேரம் தேவை. கோடையில் ஊறும் நீர் நுரைத்துவிடும் என்பதால் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. குக்கரில் வெள்ளை நாலைந்து விசிலில் வெந்துவிடும். கறுப்புக்கு ஏழெட்டு வேண்டும். கடலை பழையது என்றால் அதுவும் போதாது. விசிலை எண்ணுவதைவிட, ஒரு கடலையை விரலால் நசுக்கிப் பார்ப்பதே சரியான கணக்கு. எதுவானாலும் தக்காளியையும் புளியையும் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு முந்திக்கொண்டால் கடலை மெத்தென்று வேகாது. சோடா உப்பு போட்டே தீர வேண்டும் என்பவர்கள் ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சினால் வெள்ளைக் கடலை கூழாகிவிடும்.

வெள்ளைக்கு நிறம் வர, பஞ்சாபிச் சமையலில் தேயிலையைத் துணியில் முடிந்து கூடவே வேகவைப்பார்கள். கறுப்புக்கு இந்த ஒப்பனை தேவையில்லை. வேகவைத்த நீரே கருஞ்சாறாக இருக்கும், அதைக் கொட்டிவிடாதீர்கள். தேங்காய்த் துருவலைச் சின்ன வெங்காயம், மல்லி, மிளகாயோடு பொன்னிறம் தாண்டிச் சிவக்க வறுத்து அரைத்து, அந்த நீரிலேயே கொதிக்கவிட்டு, தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் வரும் மணம் சன்னா மசாலாவுக்கு வராது. வேலை கூடுதல்தான், மறுக்கவில்லை.

பரிமாறும்போது போட்டியே இல்லை. பூரிக்கும் பட்டூராவுக்கும் கெட்டியான வெள்ளை. புட்டுக்குத் தளர்வான கறுப்பு. புட்டு உலர்ந்த பண்டம், அதில் இறங்கி ஊறக் குழம்பு வேண்டும்.

சேமிப்பில்தான் கறுப்பு தோற்கிறது. தேங்காய் சேர்ந்த குழம்பு வெளியில் இருந்தால் சீக்கிரம் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளே முடித்துவிடுவது நல்லது. தக்காளி மசாலா 3 நாள் தாங்கும், இரண்டாம் நாள் ருசி ஏறியும் இருக்கும். சமைத்த 2 மணி நேரத்துக்குள் இரண்டையும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும்.

நிறையச் செய்பவர்கள் கறுப்புக் கடலையை வேகவைத்த நீரோடு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம். அன்றன்றைக்கு வேண்டிய தேங்காயை மட்டும் வறுத்து அரைத்துக்கொண்டால் போதும். குளிரில் குழம்பு இறுகியிருக்கும். சூடாக்கும்போது வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.