தங்கூசியை ஒளியால் அளப்பது: மூன்று வழிகள்

முல்லைத்தீவிலிருந்து வந்த அண்ணை ஒருவர் தூண்டில் தங்கூசிச் (நைலோன் இழை) சுருள்கள் இரண்டை என் மேசையில் வைத்தார். இரண்டிலும் தடிப்பு 0.30 மில்லிமீற்றர் என்றே போட்டிருந்தது. "ஒன்று மீன் இழுத்தால் றப்பர் மாதிரி நீள்கிறது, மற்றது நிற்கிறது. ஏன் தம்பி?" என்றார்.

உருக்கிய நைலோனை இழையாக்கி இழுக்கும்போது அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நீளவாட்டில் ஒழுங்காகின்றன. ஆலையில் குறைவாக இழுத்த இழை, கடலில் மீதியை நீண்டு தீர்க்கும். சங்கிலிகள் ஒழுங்காக ஒழுங்காக, இழையின் நெடுக்கே அதிரும் ஒளிக்கும் குறுக்கே அதிரும் ஒளிக்கும் முறிவுச் சுட்டி (பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதைக் காட்டும் எண்) வேறுபடும். அந்த வேறுபாடே இரட்டை முறிவு. 1669இல் டென்மார்க் அறிஞர் பார்த்தொலின் கல்சைற்றுப் பளிங்கில் கண்டதும் இதே குணம்தான்.

மலிவான வழி, மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு முன்னால் பொருளைப் பிடித்து, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தாள் ஒன்றினூடாகப் பார்ப்பது. திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது. பிளாஸ்ரிக் அடிமட்டத்தை வைத்தால், அச்சுக்குள் உருகல் நுழைந்த மூலையில் நிறங்கள் நெருங்கி வளையும். வகுப்பறையில் இதற்கு ஈடில்லை. ஆனால் நிறம் இல்லாவிட்டால் தகைப்பும் (பொருளுக்குள் இருக்கும் இறுக்கமும்) இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஒரே தகைப்புக்குப் பொலிகாபனேற்று காட்டும் விளைவில் பத்திலொரு பங்கைக்கூட அக்கிரிலிக் காட்டாது.

தங்கூசியிடம் இந்த வழி தோற்றுப்போகிறது. நன்றாக இழுத்த நைலோனின் இரட்டை முறிவு ஏறத்தாழ 0.05. அதை 0.30 மில்லிமீற்றரால் பெருக்கினால் பாதை வித்தியாசம், அதாவது ஓர் அதிர்வு மற்றதற்குப் பின்தங்கும் தூரம், 15,000 நனோமீற்றர். நிற அட்டவணையில் அழகான நிறங்களெல்லாம் முதல் இரண்டாயிரம் நனோமீற்றருக்குள் முடிந்துவிடும். அதற்கப்பால் வெளிறிய வெள்ளைதான். இரண்டு சுருளும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன.

அடுத்தது, முனைவாக்க நுணுக்குக்காட்டியில் செருகும் சரிவு ஈடுசெய்கருவி, அதாவது இழை உண்டாக்கிய பாதை வித்தியாசத்தை எதிராக ஈடுகட்டி அளக்கும் கருவி. உள்ளே இருக்கும் பளிங்குத் தட்டைச் சரித்து, இழையின் நடுவே கரும்பட்டி வந்ததும் கோணத்தை வாசிக்கலாம். வேலை விரைவு, விலை அதிகம். ஒரு பொறியும் உண்டு: தட்டும் நைலோனும் நிறத்துக்கு நிறம் வேறு வேறு விதமாக மாறுவதால், வெள்ளை ஒளியில் மிகக் கறுப்பாகத் தெரியும் பட்டி உண்மையான பூச்சியப் பட்டியாக இல்லாமல் அடுத்ததாக இருக்கலாம். எண் துல்லியமாகத்தான் வரும், ஆனால் ஒரு முழு அலைநீளம் பிழையாக.

என் விருப்பம் சவர அலகும் செனார்மோன் முறையும் (ஓர் அலைநீளத்துக்குக் குறைந்த பின்னத்தை முனைவாக்கியைத் திருப்பி அளப்பது). இழையின் முனையைச் சாய்வாகச் சீவி, கராம்பு எண்ணெய்த் துளியில் அமிழ்த்தினேன். அந்த எண்ணெயின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.53, நைலோனுக்கு நெருக்கம். இல்லாவிட்டால் உருண்டை இழையே வில்லையாகி ஒளியை வளைத்துவிடும். 546 நனோமீற்றர் பச்சை வடிப்பானைப் போட்டதும் சீவிய முகத்தில் கரும்பட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பட்டிக்குப் பட்டி பாதை வித்தியாசம் ஒரு முழு அலைநீளம் கூடும். கூரிய முனையிலிருந்து முழுத் தடிப்புவரை எண்ண 27. மீதிப் பின்னத்துக்குக் கால் அலைத் தட்டைச் செருகி, இழையின் நடு இருளும்வரை மேல் முனைவாக்கியைத் திருப்பினேன்: 72 பாகை. 180 பாகை ஒரு முழு அலைநீளம் என்பதால் அது 0.4. ஆக 27.4 × 546, அதாவது ஏறத்தாழ 14,960 நனோமீற்றர். அதைத் தடிப்பால் வகுத்தால், நீளாத இந்தச் சுருளின் இரட்டை முறிவு 0.050. நீளும் சுருளில் 22 பட்டிகள், பின்னம் இல்லையென்றே சொல்லலாம், 0.040.

குறைகளும் உண்டு. சீவல் நேராக அமைய நாலைந்து இழைகள் வீணாகின. முனையருகே பட்டிகள் நெருங்கினால் ஒன்றை விட்டுவிட இடமிருக்கிறது, அதனால் மூன்று தரம் எண்ணினேன். செனார்மோன் மட்டும் இருந்தால் பின்னம் கிடைக்கும், முழு எண்ணிக்கை கிடைக்காது. சீவல் மட்டும் இருந்தால் மறுதலை.

அண்ணைக்குக் காரணம் விளங்கியது. உடனே, போன வருடம் வெயிலில் கிடந்த சுருளையும் பார்க்கச் சொன்னார். வெயில் சங்கிலிகளை அறுக்கும்; அறுந்த துண்டுகள் ஒழுங்கு குலையாமலே கிடக்கலாம், இந்த அளவு அதைக் காட்டாது. அதற்கு வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, அறும்வரை மணல் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.